கரடியின் இடது கண்

ஞாயிறு இரவு அந்தப் படத்தை
நான், அவர், பிலோமினா
மூன்று பேரும்தான் பார்த்தோம்.
பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியவள்
பாலில் எதையோ கலக்குகிற இடத்தில்
சோபாவுக்குக் கீழே தரையில் இருந்தபடி
மடியில் தூங்கும் சிபியைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
“இந்தப் பொம்பள ரொம்ப அவசரப்படுறாக்கா.”

அவர் உடனே சிரித்தார்.
நான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.

காசிமேட்டிலிருந்து ஒரே ஒரு கட்டைப்பையோடு வந்தவள்.
சம்பளம் எவ்வளவென்று கேட்கவில்லை,
படுக்க எது இடம் என்றுதான் கேட்டாள்.
நாலு மாதம் ஆகிறது.
இப்போதுதான் அது உறைத்தது.

திங்கட்கிழமை பர்மா பஜாரில்
ஆயிரத்து எண்ணூறு சொன்ன கரடியை
ஆயிரத்து நூறுக்குப் பேசி வாங்கினேன்.
இடது கண்ணில் கேமரா.
வலது கண் வெறும் பொத்தான்.

அவருக்கு அந்த வாரம் எண்ணூரில் ராத்திரி ஷிப்ட்.
எனக்கு ஸ்டான்லி ரத்த வங்கியில்.
பைகள் நாலு டிகிரியில் உறங்க,
நான் போனில் என் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சாம்பல் நிறக் கொசுவலை.
சாம்பல் நிறத்தில் அவள் முதுகு.
கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் போனால்
படம் கொஞ்சம் நடுங்கும்.

முதல் ராத்திரி தூங்கினாள்.
இரண்டாம் ராத்திரியும் தூங்கினாள்
(எனக்கு ஏமாற்றமாக இருந்ததை
யாரிடம் சொல்ல).

மூன்றாம் ராத்திரி, இரண்டு பத்துக்கு
எழுந்து உட்கார்ந்தாள்.
பிள்ளையைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

நடந்து வந்தாள்.
முகம் திரைக்குள் அடங்காமல் போயிற்று,
மூக்குத்தி மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.
ஒரு விரல் நீண்டது.
அப்புறம் கறுப்பு.

சத்தம் மட்டும் மிச்சம்.
தாழ்ப்பாளா, டப்பா மூடியா, தெரியவில்லை.
சிபி ஒருதரம் சிணுங்கினான்.
பிறகு சிணுங்கவில்லை.

ஓ நெகட்டிவ் என்று எழுதிய சீட்டுக்கு
பி பாசிட்டிவ் பையை எடுத்து நீட்டினேன்.
தணிகாசலம் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து
“இன்னாம்மா பண்ற” என்றார்.

விடிவதற்குள் ஆட்டோ.
எம்.சி. ரோட்டில் ஜவுளி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன.
ஒவ்வொரு மூட்டையின் நீளத்தையும்
கண் தானாக அளந்தது.

மூன்றாம் மாடி. கதவு திறந்திருந்தது.
சிபியின் கன்னத்தில்
தினமும் வைக்கிற திருஷ்டிப் பொட்டு.
மூச்சு சீராக.
கரடியின் இடது கண்ணிலும்
அதே மை, வட்டமாய், அழுத்தி.

“ராவெல்லாம் பாத்துக்கினே கீதுக்கா.
புள்ளைக்கு ஆவாது” என்றாள்
நுனி கறுத்த விரலால்
டம்ளரை என் முன் நகர்த்தி.

பால் ஏடு கட்டத் தொடங்கியது.
நான் தொடவில்லை.

“அவசரமில்லக்கா,” என்றாள்,
“ஆறட்டும்.”