கடைசி ஒற்றை

கையுறை போட்டுத்தான் தொட்டேன்.
முதுகில் நாலு முறிவு.
கம்பி கறள் பிடித்து உக்கி,
அந்த இடத்தில் நீல நைலோன் நூல்;
வலை பொத்துகிற முடிச்சு, குருநகர்க் கை.
அதற்கு அரைப் புள்ளி போகும்.

அட்டையில்
பறக்கிறவனின் செஞ்சால்வைமேல்
சோதனைச் சாவடிக்காரன் பேனையால் இட்ட திகதி,
சிங்களத்தில் ஒரு கையொப்பம்.
எழுத்திருந்தால் ஒன்று குறையும்.
ஓரமெல்லாம் ஜாம்போத்தல் விளக்கின் கரி.
படிவத்தில் கறைக்குக் கட்டம் உண்டு,
புகைக்கு இல்லை.

கடைசி ஒற்றையைக் காணவில்லை.

"அரைதான் அண்ணை, பத்துக்கு.
பெரிசா விலை போகாது."

பெனடிக்ற் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.
"விலையை விடும் தம்பி.
அந்தப் பாலம் விழுந்ததோ?
பஸ் நிறையச் சனம் நிண்டது.
இருபத்தெட்டு வருசமா யோசிக்கிறன்."

அலுமாரியில் என்னிடம் ஒன்று இருக்கிறது.
ஒன்பது தசம் இரண்டு.
பிளாஸ்டிக் பேழைக்குள், முத்திரையோடு.
நானே இன்னும் வாசிக்கவில்லை.
ரொறன்ரோவில் ஒருவர் முற்பணம் கட்டிவிட்டார்.
திறந்தால்
அது வெறும் புத்தகம்.

வெளியே கஸ்தூரியார் வீதியில்
மினிபஸ்காரன் கொடிகாமம், கொடிகாமம் என்று
ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான்.
பெனடிக்ற் எழும்பவில்லை.

மேசை லாச்சிக்குள்
பிளேட் எங்கேயோ கிடந்தது.