காந்தத்துக்கு வராத காசு

ஆடி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்
குறுக்குத்துறையில்
இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
கயிற்றில் கட்டிய காந்தத்தை இழுக்கிறாள் ஆவுடைத்தங்கம்.
ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய், துருப்பிடித்த ஊக்கு
எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும்.

இது வரவில்லை.
அரிப்புத் தட்டில்
சிப்பிக்கும் சல்லிக்கும் நடுவே
சுண்டுவிரல் நகம் போலக் கிடந்தது.

ஒரு பக்கம் ராசா.
மூக்கை ஆறு தின்றுவிட்டது.
மறுபக்கம்
குதிரையோடு சரிகிறான் ஒருத்தன்,
ஈட்டியோடு மேலே இன்னொருத்தன்.

"ரோமாபுரிச் செம்பு. தேஞ்சி போச்சி.
எடைக்கின்னா ஒரு ரூவா"
ஜங்ஷன் பழைய இரும்புக்கடையில் அசன்கனி.

"விழுதவன் யாரு?"

அவனுக்குத் தெரியவில்லை.

முந்தியில் முடிந்துகொண்டாள்.
பஸ்ஸுக்கு நிற்கையில்
இன்னொரு தரம் அவிழ்த்துப் பார்த்தாள்:
கையைத் தூக்கியிருக்கிறான்.
ஈட்டி இன்னும் தொடவில்லை.