அம்புக்குறிக்கு இடப்பக்கம்

கிரானில் பஸ் இறங்கி, ஓட்டோ பிடித்து,
வாசலில் இருவருக்கும் சேர்த்துத் துண்டு வாங்கினேன்.
சுற்றிப் பார்க்க ஒன்றரை மணித்தியாலம் என்றான் சிப்பாய்,
பிழையில்லாத தமிழில்.
தவமலர் தண்ணீர்ப் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

கொங்கிறீட் படி. மஞ்சள் அம்புக்குறி.
பலகையில் மூன்று மொழி, மலைக்கு இரண்டு பெயர்.
நான் நின்று வாசித்தேன்.
"திகதி சரியாகா?"
திரும்பாமலே சொன்னாள்:
"கிழமை போடல்ல."

இரண்டாம் வளைவில் அம்பு வலப்பக்கம் காட்ட
அவள் கால் இடப்பக்கம் கிறுகியது,
இருட்டிலும் சுவிட்சைத் தொட்டுவிடும் கையைப் போல.
பற்றை. புற்று. மறுகா ஒரு பாலைமரம்.
கீழே விசில் ஊதினார்கள்.
"அக்கா, பாதைய விட்டு இறங்கப்படா!"
அவள் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
ஐந்து எடுத்தாள்.
இரண்டைத் திரும்ப வைத்தாள்,
விழுந்த இடத்தில் அல்ல,
வேர் பிரிகிற இடத்தில், அருகருகே.

உச்சியில் காற்று
செல்ஃபி எடுத்தவனின் தொப்பியைத் தட்டிப் பறித்தது.
குளம், வயல், மாட்டுப்பட்டி, மங்கலாய்க் கடல்.
"இங்க நிண்டா எல்லாம் தெரியுது" என்றான் அவன்.
"ஓம்" என்றாள் தவமலர்,
"நாங்களும் தெரிஞ்சம்."

இறங்கும்போது மூன்று பழத்தையும் தின்றாள்.
எனக்கு ஒன்றும் தரவில்லை.

பாலைப்பழத்தின் பால் உதட்டை ஒட்டும்,
எண்ணெய் பூசாமல் விடாது.
கிரான் சந்திக் கடையில்
தேங்காயெண்ணெய்ப் போத்தல்கள் தொங்கின.
காசு கையில் இருந்தது.
நான் வாங்கவில்லை.