இரண்டும் கோத்தாதானே

மூன்று பத்துக்கு
பந்திங் பஸ் நிலையத்தில் வேன் வந்து நிற்கும்.
"பெரட்டுக்கு நேரமாச்சு" என்பான் ஓட்டுநர் நாகப்பன்.
தினமும் அதே பகடி, தினமும் யாராவது சிரிப்போம்.
ஆறு பேர். மை இட்டவர்கள், இனிமேல் இடப்போகிறவர்கள்,
குதிகாலணியை மடியில் வைத்துத் தூங்குகிறவர்கள்.
செம்பனை ஆலையின் புகை ஜன்னல் வழி ஏறி
சீருடையில் உட்காரும்.
பயிற்சியில் சொன்னார்கள்:
வாசனை மெல்லியதாக இருக்கட்டும்.

ஊருக்குள் நான்தான் விமானக் கம்பெனி.
செதில் சீவிக்கொண்டே மீன்காரர் கேட்பார்,
தீபாவளிக்கு ஏன் டிக்கெட் இந்த விலை,
கொஞ்சம் சொல்லிப் பாரேன்.
யாரிடம்?
அங்கே நான் நான்கு ஏழு ஏழு ஒன்பது இரண்டு.
புன்னகைக்கு ஐந்தில் மூன்று.
விமானம் தாமதம் என்பதுகூட
எனக்கு முன்னால் நிற்பவரின் கைப்பேசிக்குத்தான்
முதலில் தெரியும்.

போன மாதம் மேலிருந்து இயக்குநர் இறங்கி வந்தார்.
'முன்களத்தில் ஒரு நாள்.'
நாள் என்பது இருபத்தைந்து நிமிடம்,
ஒரு புகைப்படக்காரர், இரண்டு உதவியாளர்கள்.
என் நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியில் என் பெயர்.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், ஃபிரேமில் வருகிறீர்கள்."
தள்ளி நின்றேன்.

சிவப்புக் கயிறு கட்டிய பை ஒன்று,
அதை ஒட்டி நீலப் பெட்டி ஒன்று.
இரண்டு சீட்டுகளையும் இடம் மாற்றி ஒட்டினார்.
"சார், அது கினபாலு, இது பாரு" என்றேன்.
"இரண்டும் கோத்தாதானே"
கேமராவைப் பார்த்தபடி சொன்னார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
பை அதற்குள் பெல்ட்டில் போய்விட்டது.

சிவப்புக் கயிற்றுக்காரன் ஜுக்ரா பக்கத்துப் பையன், ஃபிட்டர்.
சபாவில் ஆலை வேலை. பை நிறைய ஸ்பானர்கள்.
அவை கிளந்தானில் சுற்றிக்கொண்டிருக்க
நான்கு நாள் வெறுங்கையோடு நின்றிருக்கிறான்,
நான்கு நாள் சம்பளம் இல்லை.
கம்பெனியின் எண்ணுக்கு அழைத்து
இசை கேட்டுக் கேட்டு ஓய்ந்து
கடைசியில் என்னை அழைத்தான்.
ஊரில் எல்லோரிடமும் என் எண் இருக்கிறது.

பிறகு கடிதம்.
என் பெயரைக் கம்பெனி முழுதாக எழுதிய முதல் கடிதம்:
புஷ்பலீலா த/பெ சன்னாசி,
ஏன் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது?
ஏழு நாளுக்குள்.

ஓய்வறைச் சுவரில் அதே வாரம் போஸ்டர் ஏறியது.
'நம் முன்களம், நம் இதயம்.'
இயக்குநர் குனிந்து பையைத் தொடுகிறார்,
மிகத் துல்லியமான படம்.
ஓரத்தில் என் முழங்கை, அரை வளையல்.
நடுவில் சிவப்புக் கயிறு.
கயிற்றின் கீழே சீட்டு,
சீட்டில் கொட்டை எழுத்தில் கோத்தா பாரு.

கைப்பேசியில் படமெடுத்தேன்.
பதில் கடிதத்தில் ஒரு வரியும் எழுதவில்லை,
படத்தை மட்டும் இணைத்தேன்.

மூன்றாம் நாள் போஸ்டர் இல்லை.
நான்கு மூலையிலும் ஒட்டுநாடா மட்டும்,
கொஞ்சம் பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு.
கடிதத்துக்கு மறு கடிதம் இல்லை.
பையனுக்கு நான்கு நாள் சம்பளமும் இல்லை,
நான் கேட்டுப் பார்த்தேன், கேட்டதற்கு ஒரு படிவம் தந்தார்கள்.
புன்னகை இன்னும் மூன்றுதான்.

"துரை என்ன சொன்னாரு?" என்றான் நாகப்பன்.
லாரியிலிருந்து விழுந்த பழக்குலை ஒன்று சாலை நடுவே கிடக்க,
சொல்லிவைத்ததுபோல் வேனை ஒடித்தான்.
தூங்கியவர்களின் மடியிலிருந்து
காலணிகள் எல்லாம் ஒரே பக்கமாய் உருண்டன.
எது யாருடையது என்று
இருட்டில் தேடிக்கொண்டிருந்தோம்.