இரண்டு விரற்கடை

எல் ஆல்ட்டோ
நாலாயிரம் மீட்டர் உயரத்து ஊர்.
அதில் நான் நாலடி ஒன்பதங்குலம்.

ஜப்பானில் யாரோ ஒருவனின் பிடரிக்கு
அளவெடுத்த இருக்கை இது.
அவன் தலை ஓய்வெடுக்கும் புடைப்பு
என் உச்சியில் முட்டுகிறது.
பதினொரு மணிநேரம் டாக்ஸி ஓட்டுகிறேன்,
பதினொரு மணிநேரமும் பின்னாலிருந்து
குனி, இன்னும் குனி என்கிறது.
பின்னலைச் சுருட்டி முடிந்த நாளில் இன்னும் மோசம்.

"கழற்றி எறி, கசிமிரா"
என்றான் டயர்கடை ரெமிஹியோ.
டிக்கியில் ஸ்டெப்னியோடு கிடந்தது.
ஒன்பது நாள்
தலை நிமிர்ந்து ஓட்டினேன்.

பத்தாம் நாள், சுங்கச்சாவடி வரிசையில்
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
உருளைக்கிழங்கு லாரி ஒன்று பிரேக்கை மறந்தது.
பெரிய இடியில்லை. பம்பர்கூட நசுங்கவில்லை.
என் தலை மட்டும் பின்னால் போய்
அங்கே இல்லாத ஒன்றைத் தேடிவிட்டுத் திரும்பியது.

லாரிக்காரர் இறங்கி வந்து கேட்டார்:
"வண்டிக்கு ஒன்றுமில்லையே?"

மூன்று வாரம் கழுத்துப்பட்டை.

இப்போது அதைத் திரும்ப மாட்டியிருக்கிறேன்.
எனக்காக அது இறங்காது,
கடைசித் துளைக்குக் கீழே துளையில்லை.
ஆகவே நான்தான் ஏறினேன்:
கெட்டிப் பஞ்சுத் திண்டு, மேலே மடித்த கம்பளி,
முதுகுச் சாய்வு ஒரு பல் பின்னால்.
பெடலுக்குக் கட்டை பொருத்தித் தந்தான் ரெமிஹியோ.
காசு வாங்கவில்லை,
என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

இன்னும் இரண்டு விரற்கடை இடைவெளி.
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்தபடி
மெல்லத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறேன்,
இருக்கிறதா என்று.