கடல் பக்கம் இரண்டு கோடு

தஞ்சைக்குக் கிழக்கே எல்லாம் சமதளம் என்றார்கள்.
தோசைக்கல் ஒத்துக்கொள்ளவில்லை.
மாவு ஒருபக்கமாய் ஓடி
ஒரு விளிம்பு முறுகல், மறு விளிம்பு களி.

பழைய மினிபஸ்தான் வீடு:
கட்டில், அடுப்பு, முந்நூறு லிட்டர் தொட்டி.
வலங்கைமான் அரிசி ஆலை எடைமேடையில்
ஏழு டன் எண்ணூறு.
சீட்டு கிழித்த பையன் "என்ன லோடு?" என்றான்.
"நாங்கதான்" என்றார் தைரியநாதன்.

முதலில் வாங்கியது மஞ்சள் பிளாஸ்டிக் சரிவுக்கட்டை.
ஐந்து டன் என்று பொறித்திருந்தது;
ஒன்றுக்கா ஜோடிக்கா என்று பொறிக்கவில்லை.
நன்னிலத்தில் பின்சக்கரம் ஏறியதும்
முறுக்கு உடைகிற சத்தத்தில் பதில் வந்தது.

கும்பகோணம் பட்டறையில் ஜெகபர் கேட்டார்:
பின் அச்சில் எவ்வளவு? ரெட்டை டயரா?
அகலம்? எந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி?
எங்கள் கல்யாணத்துக்குக்கூட
இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை.
தகடு வளைத்து மூன்று படி வைத்துக் கொடுத்தார்.
"அடியில பலகை போடுங்க.
இந்த மண்ணு இரும்பையும் முழுங்கும்."

திருமருகல் தாண்டி வாய்க்கால் ஓரம், இருட்டில்,
நான் டார்ச் பிடிக்க அவர் ஏற்றினார்.
இன்னும் கொஞ்சம், இன்னும்,
போதும் போதும் போதும்.
ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றது.
பலகையை மறந்து
பல மாதங்களுக்குப் பிறகு
தலையணை நழுவாமல் தூங்கினோம்.

ராத்திரி யாரோ மதகைத் திறந்திருக்கிறார்கள்.
விடிந்து பார்த்தால் வயலில் தண்ணீர்
ஒரு சுருக்கமில்லாமல் மட்டமாய்க் கிடக்க,
வண்டி மட்டும்
கடல் பக்கம் இரண்டு கோடு.

ஜாக்கி எடுக்கக் குனிந்தார்.
விடுங்க,
இன்னைக்கு இட்லி என்றேன்.