இரண்டு விக்கல், ஒரு விசில்

மூன்று வருடமாக என் பால் லாரியில்
டெர்வ்லா டூகியும் நானும்தான்.
அதிகாலை மூன்றுக்கு அதன்ரையில் முதல் பண்ணை,
விடிவதற்குள் பதினோரு பண்ணை.
தொட்டியில் குழாயைப் பொருத்திவிட்டு
ஏறி உட்கார்ந்தால்
தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பாள்.
ஒரே ஒரு பதிவு. ஐம்பத்திரண்டு நிமிடம்.
எங்கே தண்ணீர் குடிப்பாள்,
எந்த இடத்தில் யாருடைய நாற்காலி கிறீச்சிடும்,
எல்லாம் மனப்பாடம்.

பதினெட்டாம் நிமிடத்தில் ஒரு சிரிப்பு வரும்.
கூட்டத்தில் யாரோ.
எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, தன்னந்தனியாக,
இரண்டு விக்கல், ஒரு விசில்,
எண்ணெய் காணாத கதவு போல.
நானே அதற்கு பீட்ரிஸ் என்று பெயர் வைத்தேன்.
பச்சைக் கோட்டு. முன்பல்லில் ஒரு சந்து.
சிரித்ததும் வாயைப் பொத்துகிற சின்னக் கை.
லொக்ரே ஏரிக்கரையில் பனி மூடிய காலைகளில்
பீட்ரிஸ் முறை வரும் என்றே
வண்டியை ஓரங்கட்டியிருக்கிறேன்.

நேற்று, கால்வேயில்,
ஒரு மதுக்கடையின் மாடி.
நூற்றிருபது நாற்காலி, நனைந்த கோட்டுகளின் வாடை.
டெர்வ்லா வந்தாள்.
இவ்வளவு குள்ளமா!
என் லாரிக்குள் ஆறடி இருந்தாளே.
மைக் கம்பத்தை இறக்கினாள்,
இறக்கினாள்,
எங்களைப் பார்த்துக்கொண்டே இன்னும் இறக்கினாள்.
வாயே திறக்கவில்லை,
அதற்குள் கூரை ஒரு தரம் எழும்பி உட்கார்ந்தது.

பிறகு அப்பா கதை. அதே கதை.
காரில் வழி சொல்லும் குரல்
"இடப்பக்கம் திரும்பவும்" என்கிறது.
அப்பா சொல்கிறார்:
"முடியாது. அது ஹெனகன் நிலம்.
எண்பத்தேழிலிருந்து அவனோடு பேச்சுவார்த்தை கிடையாது."
முடிவு எனக்குத் தெரியும்.
அதன் அளவுக்கு வாயைத் திறந்து தயாராக வைத்திருந்தேன்.
அவள் அந்தப் பக்கமே போகவில்லை.
நிறுத்தினாள்.
பொங்கப்போகும் பால்
பாத்திர விளிம்பில் நிற்குமே ஒரு நொடி,
அப்படி நின்றது மாடி.
"இப்போதெல்லாம் அந்தக் குரலும்
ஹெனகன் வாசலைக் கடக்கையில்
வாய் திறப்பதில்லை."

வயிறு வலிக்கச் சிரித்தேன் என்பார்கள்.
எனக்கு முழங்கால் சிரித்தது.
பக்கத்து நாற்காலிக்காரி, முன்பின் தெரியாதவள்,
என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.
நான் பதற்றத்தில் அவள் பீரைக் குடித்துவிட்டேன்.
யாருக்கும் புகார் இல்லை.

அலை வடிந்தது.
அப்போது, எனக்கு இரண்டு வரிசை பின்னால்,
விக்கல்.
விக்கல்.
விசில்.

பிடரி சிலிர்க்கத் திரும்பினேன்.
எருமைக் கழுத்து. அறுபது வயது.
சர்க்கரை மூட்டை தூக்கக்கூடிய இரண்டு கைகள்,
கழுத்துப்பட்டையின் நுனியால்
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தன.
"கோல்மன், மூச்சு விடுடா" என்றான் கூட இருந்தவன்.

பீட்ரிஸ், நீயா?

இடைவேளையில் கழிப்பறை வரிசையில்
எனக்கு முன்னால் நின்றார்.
மூன்று வருடமாக உங்களோடுதான் சிரிக்கிறேன் என்று
ஓர் அந்நிய ஆணின் முதுகிடம்
எப்படிச் சொல்வது?
"பிரமாதம், இல்லையா?" என்றேன்.
"போன தடவை இன்னும் நன்றாகச் செய்தாள்" என்றார்
அந்தப் பாவி.

மேடை ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு
இரவு முழுக்க எரிந்தது.
பதிவு செய்கிறார்கள்.

இன்று மூன்று மணிக்கு வழக்கம்போல் அதன்ரை.
குழாய் பால் உறிஞ்சுகிறது.
ஒலிப்பெட்டியை இன்னும் போடவில்லை.
நேற்றைய பதிவு என்றாவது வெளிவரும்.
ஹெனகன் வாசல் தாண்டி, கோல்மன் விசிலும் ஓய்ந்து,
எல்லாரும் அடுத்ததற்குக் காத்திருக்கையில்
ஒரு மடையன் நேரம் தப்பி,
பழைய முடிவும் புதிய முடிவும் ஒன்றாக உறைத்து,
வாத்துபோல் ஒரு தரம் கத்துவான்.

யாராவது அதற்கு
நல்ல பெயராக வைக்கட்டும்.